இரண்டு கப்பையும் ஒரே டீம் ஜெயித்தால்...

பூசை முடிந்து ஸ்கூட்டரை எடுக்கப் போன என்னை ஃபாதர் கைதட்டிக் கூப்பிட்டார்.

“டீச்சர், ஒரே நிமிஷம்.”

ஃபாதரின் ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்பது அவருடைய பிரசங்கத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும். வீட்டில் குக்கரில் ஏற்ற வேண்டிய மட்டன் அப்படியே கிடக்கிறது. இருந்தாலும் நின்றேன். பங்குச் சாமியாரிடம் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று சொல்லும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

“நீங்க பேப்பர்ல எழுதுறவங்க, நாலு விஷயம் தெரிஞ்சவங்க. இந்த சூப்பர் கப்போட ஹிஸ்டரியக் கொஞ்சம் படிச்சுட்டு வந்து, அடுத்த ஞாயித்துக்கிழம மீட்டிங்ல சொல்லுங்க. நீங்க என்ன சொல்றீங்களோ, அதான் முடிவு.”

எனக்கா? ஃபுட்பாலா? ஆஃப்சைடு என்றால் என்ன என்று என் கணவர் ஸ்டீபன் கல்யாணமான நாளிலிருந்து எனக்கு விளக்கிக்கொண்டிருக்கிறார். டைனிங் டேபிளில் உப்பு டப்பா, ஊறுகாய் பாட்டில் எல்லாவற்றையும் நிறுத்திவைத்துக்கூட விளக்கிப் பார்த்துவிட்டார். ஊறுகாய்தான் ஆஃப்சைடு என்பது வரைக்கும் எனக்குப் புரிந்திருக்கிறது.

நான் மைசூரில் இருப்பதும், ஸ்கூலில் சோஷியல் சயின்ஸ் நடத்துவதும் உங்களுக்குத் தெரியும். எங்கள் பங்குக் கோயிலின் ஃபுட்பால் பைத்தியத்தைப் பற்றி நான் இதுவரை எழுதியதில்லை. மானம் போகுமே என்று அடக்கி வைத்திருந்தேன். இனி அடக்குவதற்கில்லை.

எங்கள் கோயிலில் ஏரியாவாரியாகக் குடும்பங்களைச் சேர்த்து அன்பியம் என்று பிரித்திருக்கிறார்கள். கூடி ஜெபம் சொல்லவும், நோயாளிகளைப் பார்க்கப் போகவும் ஏற்பட்ட அமைப்பு. ஆனால் நாலு ஆம்பிளைகளைச் சேர்த்து ஒரு பெயரும் வைத்துவிட்டால் அவர்கள் சும்மா ஜெபம் மட்டும் சொல்லிக்கொண்டிருப்பார்களா? பனியன் தைத்தார்கள். அன்பியங்களுக்குள் லீக் தொடங்கினார்கள். அப்புறம் நாக் அவுட் முறையில் ஒரு கப். லீக் ஜெயித்த டீமும் கப் ஜெயித்த டீமும் திருவிழாவுக்கு முன்னால் ஒரே ஒரு மேட்ச் மோதும் - அதுதான் சூப்பர் கப். டிவியில் பார்த்துக் கற்றுக்கொண்ட புத்தி.

பரிசு என்ன என்கிறீர்கள்? அங்கேதான் விஷயம் இருக்கிறது. எங்கள் பாதுகாவலர் புனித செபஸ்தியார். திருவிழா அன்று அவருடைய சுரூபத்தைச் சப்பரத்தில் வைத்து, நாலு பக்கமும் தோள் கொடுத்து ஊர்வலமாகத் தூக்கி வருவார்கள். கோயில் வாசலிலிருந்து முதல் திருப்பம் வரைக்கும் தூக்குகிற உரிமை சூப்பர் கப் ஜெயித்த டீமுக்கு. சப்பரத்தின் முன் தண்டுக்குத் தோள் கொடுக்கிறவன் அன்றைக்கு ராஜா. பட்டாசு அவன் முகத்துக்கு நேராக வெடிக்கும். சொந்தக்காரர்கள் எல்லோருடைய மொபைலிலும் அவன் முகம் இருக்கும். உடம்பெல்லாம் அம்பு பாய்ந்து வேதனைப்பட்ட மனுஷரைத் தூக்குவதற்குக் கோல் அடித்துத் தகுதி பெற வேண்டுமா என்று கேட்டால், ‘அவர் விளையாட்டு வீரர்களுக்கே பாதுகாவலர், தெரியாதா?’ என்று நம் வாயை அடைத்துவிடுவார்கள்.

ஸ்டீபன் ஹெப்பாள் அன்பியத்தின் கோல்கீப்பர். பேக்டரியில் குவாலிட்டி செக்ஷனில் இருக்கிறார். அடுத்தவன் செய்த பொருளில் குறை கண்டுபிடிப்பது உத்தியோகம் - வீட்டிலும் அதே ஷிஃப்ட் தொடரும். ஆனால் இவருடைய டீம் மட்டும் என்றைக்கும் இரண்டாவது இடம்தான். இரண்டாவதாக வந்தவர்களுக்கு ஊர்வலத்தில் என்ன வேலை தெரியுமா? ட்யூப்லைட் தூக்குவது. பின்னால் தள்ளுவண்டியில் ஜெனரேட்டர் புகைவிட்டுக்கொண்டு வர, ஒயரில் கோத்த லைட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, ‘ஒயரை மிதிக்காதீங்க, ஒயரை மிதிக்காதீங்க’ என்று கத்திக்கொண்டே போக வேண்டும். எங்கள் வீட்டுத் திருவிழா போட்டோக்களில் எல்லாம் ஸ்டீபன் அப்படித்தான் இருக்கிறார். வாய் திறந்திருக்கும். முகத்தில் வெளிச்சம் மட்டும் அபாரமாக இருக்கும்.

இந்த வருஷம் அவருக்கு அவசரம். முட்டி தேய்ந்துவிட்டது. திருவிழா முடிந்ததும் ஆபரேஷன், அதற்கப்புறம் ஃபுட்பால் என்ற பேச்சே எடுக்கக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். முன் தண்டைப் பிடிக்க வேண்டுமென்றால் இதுதான் கடைசி வாய்ப்பு.

அப்படிப்பட்ட வருஷத்தில்தானா மண்டி மொஹல்லா அன்பியம் லீக்கையும் ஜெயித்து, கப்பையும் ஜெயிக்க வேண்டும்?

இரண்டையும் ஒரே டீம் ஜெயித்துவிட்டால் சூப்பர் கப்பில் அவர்களோடு மோதுவது யார்? லீக்கில் இரண்டாவதாக வந்த ஹெப்பாளா, கப் ஃபைனலில் தோற்ற டீமா? கப் ஃபைனலில் தோற்றது யார் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள் - கோயிலின் பாடகர் குழு. ஞாயிற்றுக்கிழமை லீக் நடக்கிற நேரத்தில் பாட்டுப் பிராக்டிஸ் இருப்பதால் அவர்கள் கப்பில் மட்டும்தான் ஆடுவார்கள். கீபோர்டு வாசிக்கிற அமல்ராஜ்தான் கேப்டன்.

இந்தப் பஞ்சாயத்தைத்தான் ஃபாதர் என் தலையில் கட்டினார்.

அன்றைக்கே என் வாழ்க்கை மாறிப்போனது. திங்கட்கிழமை காலையில் எழுந்து பார்த்தால், ஸ்டீபன் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறார். செவ்வாய்க்கிழமை தோசை வார்த்தார். அது கர்நாடகா மேப் மாதிரி வந்தாலும், வார்த்தார் என்பது வரலாறு. எதிர்க்கட்சி மட்டும் இளைத்ததா? புதன்கிழமை அமல்ராஜ் மனைவி, “டீச்சர், உங்க குரலுக்கு நீங்க எப்பவோ கொயர்ல இருக்க வேண்டியவங்க” என்று வீட்டு வாசலில் நின்று சொன்னாள். என் குரலைப் பற்றி என் மாணவர்கள் சொல்வது வேறு. ஆனாலும் ஒரு டம்ளர் காபி கொடுத்துத்தான் அனுப்பினேன்.

நடுவில் படிக்கவும் செய்தேன். வாசகர்களே, நாடுகளின் சூப்பர் கப் வரலாற்றைப் போல ஒரு வேடிக்கை வேறு கிடையாது. நாட்டின் லீக் சாம்பியனும் கோப்பை சாம்பியனும் சீசனுக்கு முன்னால் மோத வேண்டும் - திட்டம் என்னவோ இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு உலகம் எவ்வளவு குழப்பம் பண்ணியிருக்கிறது!

இங்கிலாந்தில் இதைத் தர்ம காரியத்துக்காகத் தொடங்கியிருக்கிறார்கள். டிக்கெட் காசு ஏழைபாழைகளுக்கு. ஆரம்பத்தில் சில வருஷம் சம்பளம் வாங்கி ஆடுகிறவர்களையும் வாங்காமல் ஆடுகிறவர்களையும் மோதவிட்டுப் பார்த்தார்களாம். ரொம்ப நாளைக்கு, மேட்ச் டிரா ஆனால் கோப்பையை ஆளுக்கு ஆறு மாசம் வைத்துக்கொள்வது வழக்கம். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை மாதிரி! இரண்டையும் ஒரே டீம் ஜெயித்தால் அங்கே லீக்கில் இரண்டாவதாக வந்தவனைக் கூப்பிடுகிறார்கள்.

இத்தாலியில் அப்படியில்லை. கோப்பை ஃபைனலில் தோற்றவனைக் கூப்பிட்டார்கள். அந்த மேட்சை உள்ளூரில் ஆடவும் அவர்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அமெரிக்காவில் ஆடினார்கள், லிபியாவில் ஆடினார்கள், சீனாவில் ஆடினார்கள். பிரான்ஸும் அதே கதை, அவர்களுடைய சூப்பர் கப்பின் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்த இடமிருக்காது. ஜெர்மனிக்காரர்கள் நடத்தினார்கள், நிறுத்தினார்கள், பல வருஷம் கழித்து ஞாபகம் வந்து மறுபடி நடத்தினார்கள்.

ஸ்பெயின்தான் உச்சம். ஒரு காலத்தில் இரண்டையும் ஒரே டீம் ஜெயித்தால், மேட்சே ஆடாமல் சூப்பர் கப்பையும் அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். ‘உனக்கு எதிரி நீயே, வீட்டுக்குப் போ’ என்கிற மாதிரி. அப்புறம் மனசு மாறிக் கோப்பையில் தோற்றவனைக் கூப்பிட்டார்கள். இப்போது நாலு டீமாக்கி, பணமுள்ள பாலைவன தேசத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

நம் நாடு? ஓடிக்கொண்டிருந்த ஒரு பழைய போட்டியை மூடிவிட்டு சூப்பர் கப் என்று ஆரம்பித்தார்கள். சாம்பியனும் சாம்பியனும் மோதுவது எல்லாம் இங்கே கிடையாது, கூட்டமாக வந்து ஆட வேண்டியதுதான். சில வருஷம் நடந்தது, சில வருஷம் நடக்கவில்லை. நம்ம ரோடு வேலை மாதிரி.

இத்தனையும் படித்து எனக்கு விளங்கியது ஒன்றுதான். இதில் விதி என்று ஒன்று கிடையாது. அந்தந்த வருஷம் யாருக்கு எது வசதியோ அதை எழுதி, கீழே ‘பாரம்பரியம்’ என்று போட்டுக்கொள்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பங்கு ஹாலில் ஒரு சேர் காலியில்லை. மரியாயின் சேனை ஜெபக் கூட்டத்துக்கு ஒருநாளும் இப்படிக் கூட்டம் வந்ததில்லை. நான் இங்கிலாந்தில் தொடங்கி இந்தியா வரைக்கும் ஒரு பீரியட் பாடமே நடத்தினேன். ஸ்டீபன் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். இங்கிலாந்து கதை வந்தபோது தலையை ஆட்டினார். இத்தாலி வந்தபோது அமல்ராஜ் தலையை ஆட்டினார். ஸ்பெயின் வந்தபோது மண்டி மொஹல்லா கேப்டன் ரிச்சி எழுந்து, “அப்ப மேட்சே வேணாமே டீச்சர், கப்பக் குடுத்துருங்க, நாங்க டீ குடிச்சுட்டுப் போறோம்” என்றான்.

“சும்னே கூத்கோ குரு!” என்று பின்னாலிருந்து யாரோ கன்னடத்தில் அவனை உட்காரச் சொன்னார்கள்.

“சரி டீச்சர், நம்ம கோயிலுக்கு எது?” என்றார் ஃபாதர்.

நான் ஸ்டீபனைப் பார்த்தேன். அவர் முகத்தில் அவ்வளவு நம்பிக்கை. அப்புறம் ஹாலைப் பார்த்தேன். எல்லா முகத்திலும் ஒரே வாசகம் - ‘பொண்டாட்டி வேற யாருக்குச் சொல்லுவா?’

“பாடகர் குழு” என்றேன்.

அமல்ராஜ் கோஷ்டி கைதட்டியது. ஃபாதர் ‘டீச்சரின் நடுநிலைமை’ பற்றி இரண்டு வாக்கியம் பாராட்டிப் பேசினார். எனக்கு ஜில்லென்று இருந்தது. வெளியே வந்து ஸ்கூட்டரில் ஏறிய பிறகுதான் ஜில்லிப்பு இறங்கியது. ஸ்டீபன் பின்னால் உட்கார்ந்தார். வீடு வந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு, சிங்க்கில் கிடந்த இரண்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்தார்.

தீர்ப்பு வந்த பிறகும் ஒரு மனுஷன் பாத்திரம் கழுவினால் நமக்கு எப்படி இருக்கும்?

“ஏங்க, கோவமா?”

“கோவம் என்னம்மா. ரெண்டு பக்கமும் வழக்கம் இருக்குன்னு நீதான் சொன்ன. அப்ப எந்தப் பக்கம் வேணா சொல்லலாம். எம்பக்கம் சொல்லக் கூடாதுன்னு மட்டும் எதுக்கு முடிவு பண்ண?”

 நியாயம் பார்த்தா நான் பாடகர் குழுவைச் சொன்னேன்? ஊர் என்ன சொல்லும் என்று பார்த்துச் சொன்னேன். அதற்குப் பெயர் நடுநிலைமையாம்! இந்த வியாதி எனக்கு மட்டும் இல்லை. டீச்சரின் சொந்தப் பிள்ளை அவள் கிளாஸிலேயே படிக்கட்டும் பாருங்கள் - எல்லோரும் பேசினாலும் அது மட்டும்தான் பெஞ்சு மேல் நிற்கும். மேனேஜரின் மச்சினனுக்கு லீவு கிடைக்காது. நம் நேர்மையை நாலு பேருக்குக் காட்டுவதற்குக் கைக்கு எட்டுகிற தூரத்தில் யார் இருக்கிறார்கள்? வீட்டு ஆள்தான். அவர்கள் தலையில் கொட்டினால் சத்தம் நன்றாகக் கேட்கும்.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவருக்கு நன்றாகவே இறங்கியது, அது வேறு விஷயம்.

சனிக்கிழமை சாயங்காலம் மேட்ச். கான்வென்ட் காம்பவுண்டை ஒட்டிய கிரவுண்டு. டீம் இறங்குகிற நேரத்தில் அமல்ராஜ் போனும் கையுமாக அலைந்தார். அவர்களுடைய கோல்கீப்பர் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். கடைசி நேரத்தில் ஷிஃப்டை மாற்றிவிட்டார்களாம். வேறு ஆள் இல்லை. டெனர் குரலில் பாடுகிற ஒரு பையனைக் கோலில் நிறுத்திப் பார்த்தார்கள். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொண்டான்.

அமல்ராஜ் நேராக ஸ்டீபனிடம் வந்தார். “அண்ணா... ஒரு ஹெல்ப்.”

எதிர் டீம் சம்மதித்தால் வெளி ஆள் ஆடலாம் என்றார் ரெஃப்ரி. ரிச்சி, ஸ்டீபனின் முட்டியில் கட்டியிருந்த பட்டையைப் பார்த்துவிட்டு, “அங்கிள்தானே, தாராளமா ஆடட்டும்!” என்றான். இதைவிட ஒரு கோல்கீப்பரை அவமானப்படுத்த முடியுமா? ஸ்டீபன் கிளவுஸை மாட்டினார். என் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

மேட்சைப் பற்றி எனக்கு எழுதத் தெரியாது. ஓடினார்கள், விழுந்தார்கள், ரெஃப்ரியைத் திட்டினார்கள். இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. பெனால்டிக்குப் போனது. ஸ்டீபன் பறந்து பறந்து பிடித்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். உண்மை என்னவென்றால், ஒன்றைக்கூடப் பிடிக்கவில்லை. பந்து இடப்பக்கம் போனால் இவர் வலப்பக்கம் சாய்ந்தார், எழுந்து நிற்பதற்குள் அடுத்த ஆள் வந்துவிட்டான். ஆனால் பாடகர்கள் ஒருத்தன் விடாமல் கோல் அடித்தார்கள். கடைசியாக ரிச்சி வந்தான். அங்கிள்தானே என்கிற இளக்காரமோ என்னவோ, ஓங்கி உதைத்தான். பந்து கோல் போஸ்டுக்கு மேலே போய், காம்பவுண்டைத் தாண்டி, கான்வென்ட் பப்பாளி மரத்தில் விழுந்தது. பப்பாளி ஒன்று கீழே விழுந்த சத்தமும் கேட்டது.

பாடகர் குழு ஜெயித்துவிட்டது!

அப்புறம்தான் ஒருத்தருக்கும் தோன்றாமல் போன விஷயம் தோன்றியது. பாடகர் குழு சப்பரம் தூக்கினால், ஊர்வலத்தில் பாடுவது யார்? வருஷக்கணக்காகப் போட்டி நடத்துகிறவர்கள், பாடகர்களை ஆடவிட்டவர்கள், அவர்கள் ஜெயித்தால் என்ன ஆகும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க மாட்டார்களா? எப்படி யோசிப்பார்கள்... ஜெயிப்பார்கள் என்று யார் நினைத்தது? தோற்றவர்கள் மைக்கைப் பிடிக்கட்டும் என்று ஃபாதர் முடிவு சொன்னார். மண்டி மொஹல்லாக்காரர்கள் சந்தையில் விலை கூவுகிற சுதியில் பாட ஒப்புக்கொண்டார்கள்.

அடுத்த கேள்வியை அமல்ராஜ் தம்பி கிளப்பினான். “ஸ்டீபன் அண்ணா ஒரு மேட்சுக்கு வந்த கெஸ்ட். அவர் எப்படி நம்ம கூடச் சப்பரம் தூக்கலாம்? கொயர் மெம்பர்தான தூக்கணும்?”

 அமல்ராஜ் தரையைப் பார்த்தார். ஸ்டீபன், “பரவால்ல விடுப்பா, நான் லைட்டு புடிச்சுக்கறேன்” என்று சொல்லிவிட்டுக் குனிந்து முட்டிப் பட்டையை அவிழ்க்க ஆரம்பித்தார். அந்தக் குனிந்த முதுகைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஃபாதர் என் பக்கம் திரும்பினார். “டீச்சர், ஹிஸ்டரில இதுக்கு ஏதாவது இருக்கா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதே முகங்கள். அதே வாசகம்.

“இருக்கே ஃபாதர்” என்றேன். “ஸ்பெயின்ல இருக்கு. இரவல் வந்த கோல்கீப்பர் ஆடி ஜெயிச்சா, கப்ப முதல்ல அவர் கையிலதான் குடுப்பாங்க. அவருதான் முன்னால தூக்கிட்டுப் போகணும். ரொம்ப நாள் பாரம்பரியம்.”

“அப்படியா!” என்றார் ஃபாதர்.

“ஸ்பெயினா? அவங்க செஞ்சாலும் செய்வாங்க” என்றான் ரிச்சி.

திருவிழா அன்று சாயங்காலம் கோயில் மணி அடிக்க, சப்பரம் வாசலைத் தாண்டியது. முன் தண்டில் ஸ்டீபன். பாடகர்களைவிட அவர் உயரம் என்பதால் பாரமெல்லாம் அவர் தோளில்தான் இறங்கியிருக்க வேண்டும். ஒரு பக்கம் நொண்டிக்கொண்டே வந்தார். மைக்கில் மண்டி மொஹல்லா பாடிய பாட்டைக் கேட்டு, தூக்கிக்கொண்டிருந்த பாடகர்களுக்கு அம்பு பாய்ந்த மாதிரி இருந்தது. பொறுக்க முடியாமல் மூச்சு வாங்க வாங்க அவர்களும் கூடப் பாடினார்கள். முகத்துக்கு நேராகப் பட்டாசு வெடித்தபோது ஸ்டீபன் கண்களில் தண்ணீர் வழிந்தது. புகை என்று அப்புறம் சொன்னார்.  என் கண்ணிலும் புகைதான்.

முதல் திருப்பத்தில் தோள் மாற்றிவிட்டு, என்னைத் தேடிக்கொண்டு வந்தார். பக்கத்தில் நின்று, கூட்டத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

“அந்த ஸ்பெயின் மேட்டர்... நெசமா?”

“ஏன், சந்தேகமா இருக்கா?”

“குவாலிட்டி செக்ஷன்ல இருக்கேனே...” என்றார். அவ்வளவுதான். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஸ்பெயினில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. எனக்குத் தெரிந்து எந்த நாட்டிலும் கிடையாது. ஃபாதர் இந்தப் பத்தியை வாராவாரம் தவறாமல் படிக்கிறவர். பொய்யை ஒப்புக்கொள்ளப் பாவசங்கீர்த்தன வரிசையில் நிற்கிற வேலை எனக்கு மிச்சம்!